முப்பத்தொன்பதாவது குரல்

அறுபத்தெட்டு மணி நேரமாக முப்பத்தொன்பது பேர் பேசாமல் இருந்தார்கள்.

அவர்களில் பாதிப் பேர் அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். திருச்சியில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் கடைசி அறைதான் குரல் பிரிவு. புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டவர்களுக்கு இங்கே குரல் கொடுக்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அவர்களை உட்கார வைத்து அறுநூறு வாக்கியங்கள் வாசிக்கச் சொல்வோம். அதிலிருந்து அவர்களுடைய குரலைக் கணினியில் உருவாக்குவோம். பிறகு கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி. உதட்டையும் தொண்டையையும் அசைத்தால் பெட்டி பேசும், அவர்களுடைய சொந்தக் குரலில்.

வராந்தா அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எல்லோர் மடியிலும் எழுது பலகை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாங்கிப் படித்து, கீழே எதையோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். இருவருக்கும் தோள் குலுங்கியது. சிரிப்புச் சத்தம் மட்டும் வரவில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்ததும் இந்த வேலை கிடைத்தபோது, பேச்சில்லாதவர்களோடுதான் வேலை என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

“ஏம்மா, பாஸ்வேர்டு தெரிஞ்சவங்களுக்கும் ஏன் திறக்க மாட்டேங்குது?” என்று கேட்டவர் பிலோமினா. அவருடைய கணவர் சகாயராஜ் துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பதினான்கு வருடமாக எங்கள் பெட்டியால் பேசுகிறவர். பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“பழைய பாஸ்வேர்டு எல்லாம் ஆறு எழுத்து, எட்டு எழுத்து. திங்கக்கிழமை மென்பொருளை மாத்தினாங்க, அதுவரைக்கும் திறந்தே இருந்த குரல் எல்லாம் பூட்டிக்கிச்சு. புதுசு, பன்னிரண்டு எழுத்துக்குக் கீழ இருந்தா வாங்கவே மாட்டேங்குது. சரியா தப்பான்னுகூடப் பாக்கறதில்ல.”

“அப்ப நீளமா மாத்திக்க வேண்டியதுதானே?”

“மாத்தணும்னா முதல்ல பழசைப் போட்டுத் திறக்கணும்மா.”

“திறக்கணும்னா மாத்தணும்.”

“ஆமாம்மா.”

“நல்லா இருக்கே. செருப்பை வெளியவே ஸ்டாண்டுல வெச்சுட்டு வா, ஆனா ஸ்டாண்டு உள்ள இருக்குங்கிற கதையால்ல இருக்கு.”

உள்ளே மேசையில் இருந்த லூர்து சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர்தான் பிரிவின் மூத்த தொழில்நுட்பர். மூன்று நாளாக அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“நீங்களே திறந்து கொடுத்தா என்ன? உங்க மெஷின்தானே?”

“ஒவ்வொரு குரலும் ஒரு தனி மெய்நிகர்க் கணினிம்மா. பெரிய கணினிக்குள்ள பூட்டி வெச்ச சின்னக் கணினி மாதிரி. உள்ள இருக்கறது எல்லாம் மறைகுறியாக்கம் பண்ணினது. பூட்டினவங்க பாஸ்வேர்டு இல்லாம எங்களாலயும் படிக்க முடியாது.”

“அதுவும் நல்லதுக்குத்தான்கா,” என்றார் லூர்து சார். “இப்ப குரல்தானே கையெழுத்து? பேங்க், ரேஷன், பஸ், போன் எல்லாம் குரலைக் கேட்டுத்தான் திறக்குது. ஒருத்தர் குரல் இன்னொருத்தர் கையில போனா வீடு வாசல் எல்லாம் போச்சு.”

அந்தச் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு குரல், ஒரு ஆள், ஒரு பதிவு. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. உரிமையாளர் திறக்காத குரல் நூற்று இருபது மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் இருக்கக் கூடாது. தானாக அழிந்துவிடும். பதிவும் ரத்தாகிவிடும். திங்கள் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கிய கணக்கு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முடியும்.

“அழிஞ்சுட்டா?” என்றார் பிலோமினா.

“பொதுக் குரல் தருவாங்க. ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ரெண்டு இருக்கு.”

“பஸ் ஸ்டாண்டுல லிப்ட்டு பேசுமே, அதுவா?” அவர் கணவரைப் பார்த்தார். “வேண்டவே வேண்டாம் பாப்பா. நான் இவரைக் கட்டிக்கிட்டதே குரலைக் கேட்டுத்தான். கரண்ட் புகார் நம்பர்ல உக்காந்திருந்தேன் அப்ப. தினமும் ஒரு புகார் சொல்லுவாரு. பட்டறையில கரண்ட் இல்லைன்னு. அப்புறம் பாத்தா, கரண்ட் இருக்கறப்பவும் புகார். மூணாவது மாசம் நானே கேட்டேன், உங்களுக்கு என்னதான் வேணும்னு.”

சகாயராஜ் நிமிரவில்லை.

*

பழைய மென்பொருளுள்ள ஒரு கணினி போதும் என்பது வியாழன் மதியம்தான் எனக்கு உறைத்தது. நர்சிங் கல்லூரியில் மாணவிகளுக்கு டெமோ காட்டுவதற்காக ஒன்றை வைத்திருந்தார்கள். வலைப்பின்னலில் சேர்க்காதது. அதனால் திங்கட்கிழமை மாற்றம் அதைத் தொடவில்லை. யாரோ குடை மாட்டி வைத்திருந்த எலும்புக்கூட்டுக்குப் பின்னால், மூலையில் அது இருந்தது. எங்கள் அறைக்குத் தூக்கி வந்தோம்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பழைய கணினியில் அவர்கள் குரலை ஏற்றுவேன். அவர்கள் தங்கள் சின்னக் கடவுச்சொல்லை அடிப்பார்கள். நான் சுவரைப் பார்ப்பேன். திறந்ததும் நீளமாக மாற்றிப் புதிய கணினிக்கு அனுப்புவோம். கடைசியாக ஒரு சடங்கு. சட்டப்படி அவர்கள் அந்தக் குரலிலேயே ஓர் அட்டையை வாசிக்க வேண்டும்: இந்தக் குரல் என்னுடையது.

“அட்டையில இருக்கறதை மட்டும் வாசிங்க,” என்று லூர்து சார் ஒவ்வொருவரிடமும் சொன்னார். “இல்லைன்னு விளையாட்டுக்குச் சொன்னாலும் பதிவு அப்பவே போயிடும். அப்புறம் அந்தக் கடவுளே வந்தாலும் உங்க பேர்ல திரும்ப எழுத முடியாது.”

எங்களிடம் உள்ள குரல்கள் வயதாவதில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் தனித்தனியாகத்தான் கேட்டிருந்தேன். அந்த இரண்டு நாள் முப்பத்தெட்டுக் குரல்களை வரிசையாகக் கேட்டேன். தலை முழுக்க நரைத்த கணக்கு வாத்தியார் முப்பத்தாறு வயதுக் குரலில் இந்தக் குரல் என்னுடையது என்றார். பல் விழுந்த ஒரு பாட்டி இழைந்த குரலில் சொல்லிவிட்டு, தன் மகளைப் பார்த்து, “என்னடி அழற, நான்தான்” என்றார். வராந்தாவில் பேச்சு நிரம்பியது. கண்ணை மூடிக்கொண்டால் வெளியே ஏதோ கல்லூரி விட்டதுபோல் இருந்தது. எல்லோரும் அவரவர் ஆபரேஷனுக்கு முந்தின நாளில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு குரல்தான் மீதி இருந்தது.

சகாயராஜ் நான்கு முறை முயன்றார். நான்கும் தவறு. பழைய கணினி ஐந்து முறைதான் அனுமதிக்கும். நான் கையைத் தடுத்தேன்.

“மறந்துபோச்சு,” என்று பலகையில் எழுதினார். அவருடைய எழுத்து சின்னதாக, சாய்ந்திருந்தது.

“பதினாலு வருஷம். யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?” என்றார் பிலோமினா. ஆனால் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் ஞாபகம் இருந்தது. தன் குரலுக்குப் போட்ட பூட்டை யாரும் மறந்திருக்கவில்லை.

“இன்னொரு வழி இருக்கு,” என்றேன். “ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் பேசின ஏதாவது பதிவு இருந்தாப் போதும். உள்ள இருக்கற குரலோட ஒத்துப்போனா பூட்டு தானா திறக்கும்.”

பிலோமினாவின் முகம் மலர்ந்தது. “இவங்க தங்கச்சி கல்யாண வீடியோ! மணப்பாறையில இருக்கு. நான் அவரோட அந்தக் குரலைக் கேட்டதே இல்ல பாப்பா. அதாவது, பெட்டி இல்லாம.”

சகாயராஜ் வேகமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. பிலோமினா அதைக் கவனிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போயிருந்தார்.

*

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பிலோமினா கல்யாண வீடியோ இருந்த, நகத்தளவு மெமரி சில்லு ஒன்றைக் கொண்டுவந்தார்.

“எங்க வீட்டுல இதைப் போடறதுக்கு மெஷின் இல்ல. நீயே கேளு. அப்புறம் எனக்கும் போட்டுக் காட்டணும்.”

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டுப் பந்தி. முப்பத்தைந்து வயது சகாயராஜ் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். “மாமா இங்க, மாமா இங்க ஒரு எலை விட்டுப்போச்சு பாரு.” மெல்லிய குரல். வேகமான பேச்சு. வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிற பேச்சு.

மூன்று வருடமாக நான் கேட்டிருந்த சகாயராஜ் அப்படிப் பேசுகிறவர் இல்லை. கனமான குரல். நிதானம். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் கொஞ்சம் இழுத்துத்தான் விடுவார்.

திரையில் எண் வந்தது. ஒத்துப்போவது நூற்றுக்குப் பதினொன்று.

“எப்படி பாப்பா இருக்கு?” என்றார் பிலோமினா. குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேளச் சத்தம் ஜாஸ்திம்மா. தெளிவா இல்ல.”

பொய் சொல்லும்போது எனக்குக் காது சூடாகும். சகாயராஜ் என் காதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பையிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்து, டீ என்று சைகை காட்டினார்.

“இப்பத்தானே குடிச்சீங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே பிலோமினா கேன்டீனுக்குப் போனார்.

அவரே எழுதினார். எழுதி, நான் படித்ததும் அழித்து, மறுபடி எழுதினார்.

“அது முருகையன் குரல்.”

“தெப்பக்குளம் பக்கத்துல லாட்ஜுல ஒரே ரூம். அவன் மினி பஸ் கண்டக்டர்.”

“எனக்குத் தொண்டை அப்பவே போயிருந்தது. பத்து வாக்கியம் வாசிச்சேன். இது தேறாதுன்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் ஆபரேஷன்.”

“மத்தியானம் டூட்டி மாறினதும் அவன் என் சீட்டை வாங்கிக்கிட்டு வந்து உக்காந்துட்டான். அப்ப இங்க பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. டோக்கன் நம்பர்தான்.”

அது உண்மை. இன்றும் அப்படித்தான். காலையில் கீழே கொடுக்கிற டோக்கனோடு யார் எழுந்து வந்தாலும் அவர்தான் அந்த நோயாளி. முகத்தை யாரும் சீட்டோடு ஒப்பிடுவதில்லை. உண்மையான நோயாளியைத் தவிர வேறு யார் வந்து மூன்று மணி நேரம் வாசிக்கப் போகிறார்கள்?

“பாஸ்வேர்டு அவன் போட்டது. அன்னைக்கு ராத்திரி சொன்னான். எனக்குத் தூக்க ஊசி போட்டிருந்தாங்க. ஞாபகம் இல்ல.”

“அவருக்கு இது...” என்று ஆரம்பித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பதிவுச் சட்டம் வந்தப்போ?”

சகாயராஜ் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார்.

“குரல் என் பேர்ல பதிவாயிடுச்சு. அவனுக்குக் குரல் இல்லாமப் போச்சு.”

ஒரு குரல், ஒரு ஆள். பேசத் தெரிந்த ஒரு மனிதர் ஒன்பது வருடமாக எந்தக் கதவையும் திறக்க முடியாமல் இருந்திருக்கிறார்.

“நீங்க அவரைப் பாக்கலையா?”

“ஒரு தடவை வந்தான். குரல் உன்னோடதுன்னு நான் போய் எழுதிக் கொடுத்துடறேன்னேன். மினா உள்ள இருந்து என்னைக் கூப்பிட்டா. அவன் வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டான். அப்புறம் அவன் முகத்துல முழிக்க எனக்குத் தைரியம் வரல.”

“அம்மாகிட்ட சொல்லலையா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ல இருந்தேன். உங்க குரலுக்காகத்தான் சரின்னேன்னு அவ முந்திக்கிட்டா.”

பிறகு அரியமங்கலத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் முகவரியை எழுதினார். அதன் கீழே இன்னொரு வரி. அதை மட்டும் அழிக்காமல், பலகையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“ரெண்டு மணிக்கு அழிஞ்சா அவன் குரல் அவனுக்கே திரும்பும். அதையும் அவன்கிட்ட சொல்லணும். மறைச்சுக் கேக்காதம்மா.”

*

லூர்து சாரிடம் வெளியே போக அனுமதி கேட்டேன்.

“எங்க போற செண்பகா?”

“பாஸ்வேர்டு தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். “ரெண்டுக்குள்ள வந்துடு” என்றார்.

ஐஸ் கம்பெனியில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினாலும் கேட்காது. ஒரு பக்கம் பம்பு, இன்னொரு பக்கம் ஐஸ் உடைக்கும் இயந்திரம். கை காட்டித்தான் வேலை நடந்தது. கொக்கியால் ஐஸ் பாரை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பெயரைச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. கையில் எழுதிக் காட்டினேன். அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

இருவரும் வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்தோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஈரமான லுங்கி. கைகள் வெளிறிப்போய், சுருங்கியிருந்தன.

“சொல்லும்மா,” என்றார்.

அதே குரல். பதினான்கு வருடம் மூத்திருந்தது. அடியில் ஒரு கரகரப்பு. கடைசி எழுத்து மட்டும் அப்படியே, அடுத்த நிறுத்தத்தைக் கூவுகிறவரைப்போல, இழுபட்டு நின்றது. லேத் பட்டறைக்காரர் ஒருவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

நடந்ததைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“பன்னிரண்டு எழுத்து வேணுமாமா?” என்று சிரித்தார். “அன்னைக்கு ஆறு போதும்னாங்களேம்மா. நானும் சரியா ஆறுதான் போட்டேன்.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“அது எப்படி மறக்கும்?” அவர் லுங்கி நுனியால் கையைத் துடைத்தார். “மூணு மணி நேரம் அவனா உக்காந்திருந்தேன். இடையில ஒரு நர்ஸ் வந்து, பயப்படாதீங்கண்ணே, நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடும்னு தோளைத் தட்டிட்டுப் போச்சு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஆபரேஷனே எனக்குத்தானோன்னு.”

நானும் சிரித்துவிட்டேன்.

“அப்புறம் பஸ்ல டிக்கெட்டு மெஷினைக் குரலுக்கு மாத்தினாங்க. கண்டக்டர் ஸ்டாப்பு பேரைச் சொன்னா டிக்கெட்டு வரணும். நான் சொன்னேன். வரல. உங்க பேரு சகாயராஜ், நீங்க இந்த வண்டியில வேலை பாக்கலைன்னுச்சு. பேங்க்குக்குப் போய் வணக்கம்னேன். வணக்கம் சகாயராஜ்னுச்சு மெஷினு. நானே திரும்பிப் பாத்தேன், பய பின்னாடி வந்து நிக்கிறானோன்னு.”

“அவரோட கணக்கு முழுக்க உங்களுக்குத் திறந்திருக்குமே.”

“திறந்துச்சு. பட்டறைக்கு லோன் வாங்கியிருந்தான். பாவமா இருந்துச்சு. மூடிட்டு வந்துட்டேன்.”

இனிமேல்தான் கஷ்டமானதைச் சொல்ல வேண்டும். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால்.

“நீங்க சொல்லலைன்னாலும் தப்பில்லைங்க. இன்னும் ரெண்டே கால் மணி நேரத்துல அந்தக் குரல் அழிஞ்சுடும். அவர் பேர்ல இருக்கற பதிவும் போயிடும். திங்கக்கிழமையே நீங்க உங்க குரலை உங்க பேர்ல எழுதிக்கலாம். வண்டிக்குக்கூடத் திரும்பப் போகலாம்.”

அவர் சிரிப்பு நின்றது.

“இது அவனுக்குத் தெரியுமா?”

“அவர்தான் சொல்லச் சொன்னார். மறைச்சுக் கேக்கக் கூடாதுன்னார்.”

உள்ளே ஐஸ் உடைகிற சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. முருகையன் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டார். அது பஸ் ரூட்போல நீண்டு, நடுவில் நடுவில் புள்ளியாக நின்றது.

“ஒரு நாள் காலையில அவன் வீட்டுத் தெருவுல போனேன்,” என்றார். “சண்டை போடணும்னுதான் போனேன். பொய் சொல்லக் கூடாது. வேலை போய் ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. ஜன்னல் திறந்திருந்துச்சு. உள்ள நான் பேப்பர் வாசிச்சுக்கிட்டிருந்தேன்.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

“என் குரலும்மா. பேப்பர் வாசிக்குது. நடுவுல ஏதோ கிண்டல் பண்ணுது. அந்தம்மா சிரிக்குது. மேல வாசிங்கன்னு சொல்லுது. நான் சுவரோரமா நின்னு விளையாட்டுச் செய்தி வரைக்கும் கேட்டேன். என் குரல் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கே தெரியாது, அவ்வளவு நல்லா இருக்கும்னு. அப்புறம் அவன் வெளிய வந்து எழுதிக் கொடுத்துடறேன்னான், வேணாம்னுட்டேன்.” குச்சியைப் போட்டார். “நான் யாருக்கு என்னைக்குப் பேப்பர் வாசிச்சேன்? மத்த எல்லாருக்கும் பஸ் படியில நின்னு சத்திரம் சத்திரம்னுதான் கத்தியிருக்கேன்.”

எழுந்துகொண்டார். “பேனா இருக்கா?”

என் கையேட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். சகாயம்23.

“இருபத்தி மூணு அன்னைக்கு டோக்கன். கூப்பிட்டா எந்திரிக்கணும்ல, மறந்துடக் கூடாதுன்னு அதையே போட்டேன்.”

“அவர்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

“என்னத்தச் சொல்றது?” கொக்கியை எடுத்துக்கொண்டார். “நேரமாவுது, நீ கிளம்பு. மெயின் ரோட்டுக்குப் போயிடு, அங்கதான் பஸ் நிக்கும்.”

*

நான் திரும்பியபோது மணி ஒன்று பத்து. பிலோமினா வராந்தாவில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூடவே உள்ளே வந்துவிட்டார்.

கையேட்டை சகாயராஜிடம் கொடுத்தேன். அந்தக் கொட்டை எழுத்தைப் பார்த்ததும் அவருடைய கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரிந்ததுதான். பலகையை எடுத்து, பிலோமினாவுக்குத் தெரியாத பக்கமாகச் சாய்த்து எழுதினார்.

“என்ன கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கலைங்க,” என்றேன்.

“சொன்னியா, அந்த விஷயத்தை?”

“சொன்னேன்.”

அவர் பலகையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையும் துடைத்தார்.

ஐந்தாவது முயற்சி. கணினி திறந்தது. லூர்து சார் மூச்சை விட்டார். நீளமான புதிய கடவுச்சொல், புதிய கணினிக்கு மாற்றம் எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆனது. கழுத்துப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

“பேசுங்க,” என்றார் பிலோமினா.

“மினா,” என்றார் சகாயராஜ். அந்தக் கனமான, நிதானமான குரல். “அஞ்சு நாளா நீ டீக்குச் சக்கரையே போடல.”

“அடப்பாவி மனுஷா! எழுதிக் காட்ட வேண்டியதுதானே?”

“எழுதினா நீ கண்ணாடியத் தேடுவ. அதுக்குள்ள டீ ஆறிடும்.”

பிலோமினா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “இதுக்குத்தான் பாப்பா,” என்று என்னிடம் சொன்னார். “இதுக்குத்தான் நான் அப்படித் துடிச்சேன். நாளைக்குக் காலையில அஞ்சு நாள் பேப்பரையும் சேத்து வாசிக்கணும், ஆமா.”

சகாயராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முகத்தை மனப்பாடம் செய்கிறவரைப்போல இருந்தது.

“ஏதாவது கேளு மினா. இப்பவே.”

“என்னத்தக் கேக்க?”

“ஏதாவது.”

“கரண்ட் இருக்கா உங்க பட்டறையில?”

“இல்லைங்க மேடம்,” என்றார் அவர். “ரெண்டு மணி நேரமா இல்லைங்க.” கடைசி எழுத்து இழுபட்டு நின்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின ஒரு தொலைபேசி அழைப்பு அந்த அறைக்குள் வந்து போனது. பிலோமினா பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல வாயைப் பொத்திக்கொண்டார்.

மணி ஒன்று நாற்பது.

“கடைசியா அட்டை, அண்ணே,” என்றார் லூர்து சார். “அதுல இருக்கறதை மட்டும்.” பதிவைத் தொடங்கினார். சிவப்பு விளக்கு வந்தது.

சகாயராஜ் அட்டையை வாங்கினார். வாசிக்கவில்லை. என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கல்யாணச் சில்லை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவர் அதை மனைவியின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

“என்னங்க? இதான் தெளிவா இல்லைன்னுச்சே பாப்பா.”

அவர் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். லூர்து சார் பாதி எழுந்து நின்றார். நான் சுவரைப் பார்க்கவில்லை.

“இந்தக் குரல்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, இறங்க வேண்டியவர்களுக்கு நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“இந்தக் குரல் என்னுடையது இல்லை, மினா. முருகையனுடையது.”